எடைக்கு ஒரு மீட்பு லாரி

"இன்னைக்கு ஸ்டார்ட் ஆகலன்னா எடைக்குப் போட்டுடணும். நீங்களே ஒத்துக்கிட்டதுதாம்ப்பா!"

மகள் கொட்டகை வாசலில் கண்டிப்பாக நின்றாள். லாரிக்கு அடியில் அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஆகும்மா. நேத்து சாயங்காலம் கூட ஓடிச்சே!"

காட்டிலும் சேற்றிலும் சிக்கிய வண்டிகளை இழுத்து மீட்கும் பழங்காலத்து லாரி அது. ஓய்வு பெற்ற கையோடு அப்பா வாங்கிப் போட்டார். இரும்புக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் புது வின்ச், ஆள் உயர டயர், கண்ணைப் பறிக்கும் விளக்கு என்று பார்த்துப் பார்த்துப் பூட்டினார். எல்லாம் இருந்தும் என்ன, கிளம்புகிற புத்திதான் அதற்கு இல்லை. இன்று ஓடும், நாளை கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்துவிடும். ஒயர் விட்டுப்போயிருக்கும், இல்லை பியூஸ் போயிருக்கும்.

பாவம் அம்மா, கிரீஸ் கறை துவைத்தே ஓய்ந்துவிட்டாள் என்று மகளுக்கு வயிற்றெரிச்சல். அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் பழைய இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லியிருந்தாள்.

அப்பா சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். அந்த 'டிக்' கூட இல்லை.

"சரி... எடுத்துட்டுப் போகச் சொல்லு."

அவர் குரல் உடைந்தது. சத்தம் கேட்டு வந்த அம்மா, விஷயம் தெரிந்ததும் பேயறைந்தது போல நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் ஹாரன் அலறியது.

"நீ போய்க் கடைக்காரரைப் பாரு. நீங்க முகம் கழுவிட்டு வாங்க," என்று அம்மா இருவரையும் விரட்டினாள்.

வாசலில் வேறு கூத்து. லாரியைத் தூக்க வந்த கிரேன் வண்டி, மழைச் சேற்றில் பின்சக்கரம் புதைய நின்றது.

"ஏம்மா, இது வாசலா, வயலா?" என்று புலம்பினார் கடைக்காரர்.

கொட்டகையில் அம்மாவின் குரல் கேட்டது. "கடைசியா ஒரு தரம் திருப்பித்தான் பாருங்களேன்."

அடுத்த நொடி லாரி உறுமியது. அப்பா அதை ராஜா மாதிரி ஓட்டி வந்து கொக்கியை மாட்டினார். வின்ச் சுற்றச் சுற்ற, கிரேன் வண்டி முள்ளங்கி மாதிரி சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

"இதையா எடைக்குப் போடறீங்க? நல்லா இருப்பீங்களா?" என்று கடைக்காரர் மகளைத் திட்டிவிட்டுப் போனார். அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கப் போனார்.

மகள் சமையலறையில் சோர்ந்து உட்கார்ந்தாள்.

"உன்னைக் காப்பாத்த முடியலியேம்மா. செத்துக் கிடந்த வண்டி திடீர்னு எப்படி ஓடிச்சு?"

அம்மா குளியலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி நான் கழட்டின ஒயரை நானே மாட்டிவிட்டேன். வண்டி கையை விட்டுப் போனாலும் சரி, முழுசா சரியானாலும் சரி, மனுஷன் என் மிக்ஸியையும் ஃப்ரிட்ஜையும் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ண உக்காந்துடுவாருடி!" என்றவள், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்தாள். "பேசாம இரு. அவர் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள போய்க் கழட்டிட்டு வந்துடறேன்."