ஐந்து பேர் பட்டியல்

நர்சிங் காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஐந்து பெயர்கள் ஒட்டியிருந்தார்கள். மெயின்லேண்ட் ஆஸ்பத்திரி வேலைக்கு இந்தத் தீவிலிருந்து கப்பலேறிப் போகப்போகிறவர்கள். அதில் புஷ்பா இல்லை.

முதல் பெயர் சோனியா. கீழேயிருந்து எண்ணினால் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவள். அவளுக்கே பொறுக்கவில்லை. புஷ்பாவை இழுத்துக்கொண்டு பிரின்சிபால் ஆக்சிலியா மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"என்ன மேம் அநியாயம் இது? ஃபர்ஸ்ட் ரேங்க் அவ. நான் வார்டுல சண்டை போட்டு ரெண்டு தடவை சஸ்பெண்ட் ஆனவ!"

"தெரியும்."

"கச்சல் தீவுல ரப்பர் தோட்டத்துல கிடக்கிற குடும்பம் மேம். இவ வேலையை நம்பித்தான் இருக்காங்க. தோட்டத்து ஆளுங்கன்னா இளக்காரமா?"

"விட்டுறு சோனியா" என்றாள் புஷ்பா, தலை நிமிராமல்.

மேடம் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். எப்படிப்பட்ட நர்ஸ் வேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. சோனியா உரக்கப் படித்தாள்.

"பொறுமை. எந்த ஷிஃப்டுக்கும் தயார். எதிர்த்துப் பேசாத குணம்... அரே, இது அப்படியே புஷ்பாதானே மேம்!"

"போன வருஷமும் இதேதான் கேட்டாங்க. அதுக்குன்னே தயார் பண்ணி செலினை அனுப்பினேன்."

செலின், பாராடாங் தீவுப் பெண். புஷ்பா மாதிரியே அதிர்ந்து பேசாதவள்.

"அந்த அக்கா நல்லா இருக்காங்கதானே?" என்றாள் சோனியா.

"பதினாறு மணி நேரம் டியூட்டி. ஒரே ஆளுக்கு மூணு வார்டு. சர்ட்டிஃபிகேட் எல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க பூட்டி வெச்சிருக்காங்க. அவளோட அப்பா செத்தப்போ கப்பல் ஏற லீவு தரலை. இதெல்லாம் கூட இருக்கிற பொண்ணு சொல்லித்தான் தெரியும். செலின் நல்லா இருக்கேன்னுதான் சொல்றா."

"அப்ப நாங்க மட்டும் போய் சாகணுமா?"

"அஞ்சு பேரை அனுப்பியே ஆகணும்னு மேலிடத்து உத்தரவு. அஞ்சும் வாயாடியா பொறுக்கினேன். நீங்க பத்தே நாள்ல சண்டை போட்டு, சர்ட்டிஃபிகேட்டைப் பிடுங்கிட்டு வந்துடுவீங்க. இவளுக்கு அது வராது."

சோனியா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள்.

மேடம் புஷ்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "உன்னைக் கேட்காமலே உன் பொழைப்புல மண்ணைப் போட்டிருக்கேன்டி. ஏன்னு கேளு. திட்டு. ஒரு தடவை கத்து!"

புஷ்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லைங்க மேம்."