சீட்ஸ்கேயின் சம்மதம்

என் கணவர் யோரிஸை அடக்கம் செய்த அடுத்த வாரம், நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் கால்வாயோரம் இருக்கும் சீட்ஸ்கேயின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினாள்.

“எனக்குக் கருணைக்கொலை வேணும்,” என்றேன்.

“சரி. எப்போலேர்ந்து இந்த எண்ணம்?”

“அவர் போனதிலேர்ந்து.”

“தூக்கம்?”

“வர்றதில்லை.”

“சாப்பாடு?”

“டப்பாவைத் திறந்தா சாப்பிடுவேன்.”

அவள் சிரிக்கவில்லை. “சாகணும்னு இருக்கா, இல்ல இப்படி வாழ வேண்டாம்னு இருக்கா? ரெண்டும் வேற வேற.”

காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். “கேள்வி கேட்டே கொல்றியே! மனசு நோவுக்கும் நம்ம சட்டம் இடம் கொடுக்குதில்ல?”

“கொடுக்குது. வேற வழியெல்லாம் பாத்தாச்சான்னும் கேக்குது. நீங்க எதைப் பாத்தீங்க? நான் சம்மதிக்க மாட்டேன்.”

“அப்போ சம்மதிக்கிற ஆளாப் பாத்து அனுப்பு.”

“அனுப்பலாம். அங்க வரிசை ரெண்டு வருஷத்துக்கு நிக்குது. அதுவரைக்கும் வியாழக்கிழமைதோறும் இங்க வந்து என்கூடச் சண்டை போடுங்க.”

“இந்தப் பேச்செல்லாம் எங்க கத்துக்கிட்டே?”

“உங்க கிளினிக்லதான், டாக்டர். நான் சாகணும்னு வந்து நின்னப்போ, இதையெல்லாம் சொல்லித்தானே வாரா வாரம் வரவழைச்சீங்க?”

மனநல மருத்துவராக எத்தனையோ பேருக்கு மறுத்திருக்கிறேன். என் பழைய நோயாளி ஒருத்தியே டாக்டராகி எனக்கு மறுப்பாள் என்று நினைக்கவில்லை.

“உன்மேல அப்படியொரு கோபம் வருது,” என்றேன்.

“வரட்டும். கோபம் வந்தா பாதி பிழைச்ச மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க? எனக்கு அப்போ உங்களையே கொல்லணும்போல இருந்துச்சு!”