பச்சை விளக்கு

"சார், உங்க கிளையோட இணைப்பு மறுபடியும் அறுந்துபோச்சு," என்றாள் அவள் அலுவலகத் தொலைபேசியில்.

அவளுடைய கம்பெனி புதிதாக வாங்கிக் கிளையாக்கிய கம்பெனியின் நெட்வொர்க் இன்னும் தனியாகவே இருந்தது. அங்கிருக்கும் கணினிகள் சரியாக ஓடுகின்றனவா என்பதை, இரண்டு நெட்வொர்க்குக்கும் இடையில் நிற்கும் ஒரே ஒரு கணினிதான் இவள் திரைக்குச் சொல்லும். அதைப் பார்த்துக்கொள்பவர் அங்குள்ள தலைமை குமாஸ்தா.

"ஒயரைக் கழட்டி மாட்டுறேன், மேடம்," என்று இருமினார் அவர். "தினமும் இதே ரோதனை."

"மாத்திரை போட்டீங்களா, சார்?"

"கணினிக்கா, எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"ம். போட்டேன். இப்ப வருதா, மேடம்?"

"இன்னும் இல்ல. மெதுவாப் பாருங்க, அவசரமில்ல."

பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்தாள். திரையில் அந்தக் கிளையின் கணினிகள் அத்தனையும் பச்சையாக இருந்தன.

"எல்லாம் நல்லாத்தானேடி இருக்கு? அந்த மனுஷனை ஏன் படுத்தற?"

அவள் ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினாள்.

"எங்க அப்பாடி. நானா கல்யாணம் பண்ணிக்கிட்டதிலேர்ந்து என் செல்லுலேர்ந்து கூப்பிட்டா எடுக்கறதே இல்ல. ஆபீஸ் போன்னா எடுத்துத்தானே ஆகணும்?"

தோழி தன் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

அவள் கையை எடுத்துவிட்டு, "வந்துடுச்சு சார், சரியாயிடுச்சு," என்றாள்.

மறுமுனையில் இருமல் கேட்டது.

"இங்கயும் இணைப்பு விளக்கு காலையிலேர்ந்து பச்சையாத்தான் எரியுது," என்றார் அவர்.

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நாளைக்கும் அறுந்துச்சுன்னா கூப்பிடும்மா."