கைக்கு முதலிடம்

மேலாளர் தலையில் கைவைத்தார். "ஏம்மா, வீடியோவைச் சின்னதாக்கச் சொன்னா, உன் நியூரல் நெட்வொர்க் முகத்தை விட்டுட்டுக் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குதே! இதை யாரு வாங்குவா? மூட்டை கட்டிடலாம்."

"எங்க அம்மா பார்த்துச் சொல்லட்டும் சார். அப்புறம் கட்டுங்க" என்ற இளம் பொறியாளர், போனில் சிக்னலை ஒற்றைக் கோட்டுக்குக் குறைத்துவிட்டு அம்மாவை வீடியோவில் அழைத்தாள்.

"நான் சொல்றது தெளிவா இருக்காம்மா?"

"பளிச்சுனு இருக்குடி. போன மாசம் நீ 'கல்யாணம் வேணாம்'னு சொன்னது சிதறிப்போய், 'வேணும்'னு நினைச்சு மாப்பிள்ளை தேடக் கிளம்பிட்டேனே!"

"இப்ப அதுல பத்துல ஒரு பங்கு டேட்டாதாம்மா."

"என் பொண்ணா கொக்கா!"

மேலாளர் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். அம்மாவை அழைத்த பிறகு நடந்த இவ்வளவு பேச்சுக்கும் அந்த அறையில் ஒரு சத்தம்கூட எழவில்லை. காது கேளாத அம்மாவோடு மகள் விரல்களால்தான் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் அம்மாவின் முகம் கொஞ்சம் மங்கல்தான். பத்து விரலும் துல்லியம்.

மூட்டைப் பேச்சை மறந்து, "'சபாஷ்'னு எப்படிம்மா காட்டணும்?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டு, அவரும் திரைமுன் கையை ஆட்டினார்.

அம்மா விழித்தாள். "உங்க சாருக்கா கல்யாணம்?"

மகள் பெருமையாகச் சிரித்தாள். "வீடியோ சரியாத்தான் இருக்கும்மா. அவர் கைதான் குழறுது."