தொந்தரவு ஒண்ணுமில்லீங்க
கோவைச் சிறை மருத்துவமனையின் ஜன்னல் கம்பிகளைத் தாண்டி, காலை வெயில் நஞ்சுண்டனின் கட்டிலில் கோடுகோடாக விழுகிறது. அறுபத்தெட்டு வயது; இதயம் பாதிதான் வேலை செய்கிறது. நோயைக் காட்டி விடுதலை கேட்ட அவருடைய மனுவுக்காக மூன்று டாக்டர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் வருகிறார்களே என்று முகம் மழித்து, தலைசீவி, திருநீறு பூசி, பளிச்சென்று எழுந்து நிற்கிறார். மனு எழுதிக்கொடுத்த சக கைதி முஸ்தபா பக்கத்துக் கட்டிலில் கவலையோடு பார்க்கிறார். "எப்படி இருக்கீங்க?" என்கிறார் மூவரில் மூத்தவரான டாக்டரம்மா. "நல்லா இருக்கறனுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?" முஸ்தபா தலையில் கைவைத்துக்கொள்கிறார். "நெஞ்சு வலிக்குதா?" "தொந்தரவு ஒண்ணுமில்லீங்க. வரும், அதுபாட்டுக்குப் போயிருமுங்க." முஸ்தபாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, படுத்தா மூச்சு முட்டுதுன்னு உக்காந்தே தூங்கறதச் சொல்லுங்க." "வந்தவங்ககிட்ட அதையெல்லாம் சொல்ல முடியுமுங்களா, பாய்?" டாக்டரம்மா குனிந்து அவருடைய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். "அய்யோ, காலையெல்லாம் தொடாதீங்க, அம்மணி," என்று நஞ்சுண்டன் கூசிப் பின்வாங்குகிறார். விரலை எடுத்த பிறகும் நீர் கோத்த வீக்கத்தில் விழுந்த குழி அப்படியே இருக்கிறது. டாக்டரம்மா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு கோப்பைத் திறந்து, 'விடுவிக்கப் பரிந்துரைக்கிறோம்' என்று எழுதுகிறார். "ஊட்டுல உங்களைப் பார்த்துக்க யாருங்க இருக்காங்க?" "சம்சாரம் தெய்வாத்தா இருக்கறாளுங்க." நஞ்சுண்டன் சற்றுத் தயங்குகிறார். "அவளுக்கு முழங்கால் முடியலீங்க. நான் போய்த்தான் அவளுக்குச் சோறாக்கோணும்." டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'பராமரிக்க மனைவி உண்டு' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்.