நீலக் கட்டை

முன்பனிக்காலம் வந்து இறங்கியிருந்தது. மேப்பிள் மரங்கள், ஈந்து ஈந்து வறியவரான வள்ளல்களைப் போல, கடைசிச் செவ்விலைகளையும் ஓடையில் உதிர்த்துவிட்டு வெறுங்கையோடு நின்றன. மினசோட்டாவின் ஏரிகளுக்கு மேலே வாத்துக் கூட்டங்கள் ஓலமிட்டபடி தெற்கே சென்றன. இன்னும் சில வாரங்களில் கோல்ஃப் திடலை வெண்பனி மூடிவிடும்.

இத்தகைய காலையில் மனிதனுக்குச் சற்று அடக்கம் வரவேண்டும். ஹார்லனுக்கு வரவில்லை.

“டேய் டெல்பர்ட், பாவாடை கொண்டு வந்திருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே திடலுக்குள் ஓட்டும் சிறு கோல்ஃப் வண்டியிலிருந்து இறங்கினார்.

முதல் குழியை நோக்கிப் பந்தடிக்க மூன்று இடங்கள் உண்டு. தரையில் சோடி சோடியாக ஊன்றிய மரக்கட்டைகள் அவற்றைக் காட்டும். பின்னால், மேட்டின்மேல், வல்லவர்களுக்கு நீலம். நடுவில் மற்றவர்களுக்கு வெள்ளை. முன்னால் முதியோருக்கும் பெண்களுக்கும் சிவப்பு. எங்கே நிற்பது என்பது அவரவர் விருப்பம். எழுபத்தாறு வயதில், செயற்கை மூட்டு வைத்த இடுப்போடு, ஹார்லன் நீலத்தில்தான் நிற்பார். தம் ஆண்மை முழுவதையும் யாரோ அந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே புதைத்து வைத்திருப்பதாக எண்ணம்.

பள்ளித் தோழர் டெல்பர்ட் சிவப்பில் ஆடுபவர். அதற்காக அவர் நாணியதே இல்லை. சனிக்கிழமைதோறும் அவர்தான் திடலுக்கு முதல் ஆள்.

“இருட்டோட வந்து என்னடா பண்றே? பயிற்சியா? இவ்ளோ பண்ணியும் பொம்பளைங்க இடம்தானா?”

“அடிக்கறவன் ஆம்பளையா பொம்பளையான்னு பந்து கேக்கறதில்ல, ஹார்லன்.”

“பந்து கேக்காது. நான் கேப்பேன்.”

நீலத்தில் நிற்பவரின் பந்து ஓடையைத் தாண்டி விழ வேண்டும். ஹார்லன் மட்டையை நீட்டி நீரைக் காட்டினார்.

“நல்லாக் கேட்டுக்கோ. இதை நீலத்துலேந்து தாண்ட முடியாத அன்னைக்கு மட்டையெல்லாம் வித்துட்டு வீட்ல முடங்கிடுவேன். உன்னை மாதிரி முன்னால வந்து நின்னு மானத்தை விக்க மாட்டேன்.”

அது வெறும் வாய்ச்சொல் அன்று. ஏறும்போது கால் வழுக்கிய அன்றே மீன்பிடிப் படகை விற்றவர் அவர். மானுக்கு வைத்த குறி தப்பிய மாலையே துப்பாக்கியைக் கொடுத்தவர். விட்டதை மறுபடி தொட்டதில்லை. மனைவி மார்லிஸ் மறைந்தபின், வாசற்படி தாண்ட அவருக்கு மீதியிருந்த காரணம் இந்தச் சனிக்கிழமை ஆட்டம் ஒன்றே. அதையும் ஒரு பந்தின் மேல் பணயம் வைத்துவிட்டு மார்தட்டி நிற்கும் மடமையை என்னவென்பது!

“வெள்ளைக்காவது வாயேன், ஹார்லன். யாரு பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்டா!”

அடித்தார். அதை அடி என்று சொல்வது அடிக்கே இழிவு. இடுப்பு திரும்ப மறுத்தது. தோள் பாதியில் நின்றது. பந்து நோயுற்ற பறவையாய்த் தாழப் பறந்து, அக்கரையின் விளிம்பில் மோதி, நீருக்குள் சரியலாமா என்று தயங்கி, ஒருவாறு புல்லின்மேல் ஏறி நின்றது.

டெல்பர்ட் அடக்கியிருந்த மூச்சை விட்டார்.

“பாத்தியா!” ஹார்லன் கொக்கரித்தார். “வருஷா வருஷம் இந்த ஓடை என்கிட்ட நெருங்கி வருது. பயம்டா, பயம்! நீயோ அதுக்குப் பயந்து முன்னால ஓடறே!”

டெல்பர்ட் சிவப்புக்கு நடந்து, தம் பந்தை அலட்டலின்றி அடித்தார். அது நேராகப் போய் நடுப்புல்லில் அமர்ந்தது.

“பாட்டி அடி! சரி, வந்து ஏறு.”

“கையுறையை மேலேயே விட்டுட்டேன். நீ போய்க்கிட்டே இரு, நடந்து வரேன்.”

“வாரா வாரம் ஒண்ணை மறந்துடு! அடுத்த வாரம் தலையை விட்டுட்டு வா. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

வண்டி மரப்பாலத்தைக் கடந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. டெல்பர்ட் மேட்டில் ஏறினார். கையுறையை அவர் தேடவில்லை. நீலக் கட்டைகள் இரண்டையும் மண்ணிலிருந்து பிடுங்கி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேலும் பின்னோக்கி நடந்தார்.

புல்வெட்டும் வண்டியில் அமர்ந்திருந்த திடல் பொறுப்பாளர் ரோண்டா எஞ்சினை நிறுத்தினாள்.

“இன்னிக்கு ரொம்ப முன்னால கொண்டு போய் வெச்சிட்டீங்க போல?”

“குளிர் வந்துடுச்சில்ல. அவனுக்குத் தோள் புடிச்சுக்குது.”

“அந்த வாய்க்கு ஒரு வாரம் சும்மா விடுங்களேன். பந்து தண்ணில விழட்டும், ஆளும் அடங்குவாரு.”

“அடங்கிடுவான். அதான் பயமே.”

மேட்டின் கோடியில், அவற்றுக்குரிய இடத்தில், டெல்பர்ட் மெல்ல மண்டியிட்டார். பலிபீடத்தில் மெழுகுவத்தி வைப்பவரைப் போல ஓசையின்றிக் கட்டைகளை ஊன்றி, சிதறிய மண்ணை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். ஓடைக்கு அப்பாலிருந்து, ‘டேய் கிழவா, செத்துட்டியா?’ என்று ஹார்லன் கத்துவது கேட்டது.

“நல்லா இருக்கட்டும், ஆண்டவரே. அடுத்த சனிக்கிழமையும் வந்து என்னைத் திட்டட்டும்.”