மறுபடியும் நின்ற வாட்ச்

"நீங்க ரிப்பேர் பண்ணிக் கொடுத்த வாட்ச் மறுபடியும் நின்னுடுச்சுங்க" என்று இளமாறன் போனில் சொன்னதிலிருந்து சத்யப்ரியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் கீழ்க்கட்டளைக்கு அவளைப் பெண் பார்க்க வந்தபோது அவன் வாட்ச் நின்றிருந்தது. வாட்ச் பழுது பார்ப்பது அவளுடைய பொழுதுபோக்கு. ஆர்வத்தில் அங்கேயே கழற்றிச் சரிசெய்து கொடுத்துவிட்டாள். "பொண்ணு எந்நேரமும் ஸ்குரூடிரைவரும் கையுமாத்தான் இருக்குமோ?" என்று அவன் அம்மா முகம் சுளித்தார். மறுநாளே வேண்டாமென்று தகவல் வந்தது.

"சம்பந்தம்தான் போச்சு. ரிப்பேராவது ஒழுங்கா பண்ணியா?" என்றாள் அம்மா.

சம்பந்தம் போனதைவிட அதுதான் சத்யப்ரியாவை உறுத்தியது. எங்கே தவறவிட்டோம்? வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

பம்மலிலிருந்து இளமாறன் தனியாக வந்தான். வாட்சை வாங்கிப் பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பேட்டரிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இடுக்கியால் இழுத்தாள். மடித்துச் செருகிய பஸ் டிக்கெட் துண்டு!

"இதை யாரு வெச்சது?"

"நான்தாங்க." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா வேணாம்னுட்டாங்க. உங்களைத் திரும்பப் பார்க்க எனக்கு வேற வழி தெரியலை."

"என்னடி, சரியாயிடுச்சா?" சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

முள் ஓடத் தொடங்கிவிட்ட வாட்சை டிராயருக்குள் வைத்து மூடினாள் சத்யப்ரியா.

"இல்லம்மா, பெரிய ரிப்பேர். இவர் இன்னும் நாலஞ்சு தடவை வந்து போகணும்."